இரண்டாவது டாக்டர்

அன்னத்தாய் "மாட்டேன்" என்று சொல்லத் தெரியாத பெண் அல்ல. கட்டின புருஷனிடம் சொல்லுவாள், சம்பந்தி வீட்டில் சொல்லுவாள், கல்லிடைக்குறிச்சி சந்தையில் முற்றின முருங்கைக்காயைப் பையில் திணிக்க வருகிறவரிடம் நன்றாகவே சொல்லுவாள். அம்பாசமுத்திரம் எலும்பு டாக்டர் சுந்தர்ராமனிடம் மட்டும் அந்தச் சொல் அவளுக்கு வாயில் வராது. அதனால்தான் அவர் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கழுத்துல ஆபரேஷன் செஞ்சுரலாம் அன்னத்தாய். மதுரைலேர்ந்து முதுகெலும்பு டாக்டர் அடுத்த வியாழக்கிழமை வரார், அன்னிக்கே வெச்சுக்கலாம்" என்று சொன்னபோது, காப்பி குடிக்கிறாயா என்று கேட்டதுபோல, "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிக்குள் நுழைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கழுத்து என்றால் இந்தக் கழுத்து. தலைப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். அங்கே அப்படியொன்றும் வலிக்கவில்லை. நாள் முழுக்கக் குனிந்திருந்தால் சாயங்காலம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அவள் டாக்டரிடம் போனது கைக்காக. ஆறு மாதமாக வலது கையில் பெருவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போயின. தூக்கத்தில் எழுப்பிவிடும் மரமரப்பு. பகலில் டம்ளர் நழுவியது. போன மாதம் புளிக்குழம்புச் சட்டியே நழுவி, சமையல்கட்டு முழுக்க மணத்தது.

கைக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்துதான் புறப்படுகிறது, அங்கே ஜவ்வு பிதுங்கி அதை அழுத்துகிறது என்று டாக்டர் விளக்கினார். பெருவிரலில் வலு குறைகிறது, நாளைக் கடத்தினால் கை சுத்தமாகப் போய்விடலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருபத்தொரு வருஷமாக அன்னத்தாய் வீட்டில் அப்படித்தான்.

அந்த இருபத்தொரு வருஷக் கதை இது. அவள் புருஷன் பாபநாசம் பிள்ளைக்கு அப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில் லாரி இடித்து வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப் போயிற்று. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்தாம் நாள் சீழ் வைத்து, காலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலைத்தான் சுந்தர்ராமன் டாக்டர் வெளியே கம்பி மாட்டி, நாலு மாதம் தன் கையாலேயே கட்டு மாற்றி மாற்றி, நிறுத்திக் கொடுத்தார். பிள்ளை இன்றைக்கு விந்தி விந்தியாவது தன் சொந்தக் காலில் நடக்கிறார் என்றால் அவர் புண்ணியம். வருஷம் தவறாமல், கம்பியைக் கழற்றின மாதத்தில், அன்னத்தாய் ஒரு பெரிய பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். டாக்டர் மனைவி ஜயலக்ஷ்மி அம்மாள் வாங்கிக்கொண்டு பழைய பாட்டிலைக் கழுவித் திருப்பித் தருவார். தெய்வத்துக்குச் செலுத்துகிற நேர்த்திக்கடன் சில வருஷம் தள்ளிப் போனதுண்டு. ஊறுகாய் தள்ளிப் போனதில்லை.

கால் நிலைத்தது, வேலை நிலைக்கவில்லை. நிற்க முடியாதவரை ஜவுளிக் கடையில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? பின்னால் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. அதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் அடுப்பு எரிந்தது பீடியால்.

இதை இங்கே நான் சொல்கிறேனே தவிர, அன்னத்தாய் வாயிலிருந்து இது வராது. பிள்ளைமார் தெருவில், பாட்டன் காலத்தில் நிலபுலன் இருந்த சைவக் குடும்பம். வீட்டுப் பெண் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள் என்பது வெளியே தெரியக் கூடாது. பின்வாசல் சந்து தாண்டினால் மைதீன் பாத்திமாவின் வீடு. அவள்தான் இலையை வெட்டவும் புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டவும் நகத்தால் வாயை மடக்கவும் சொல்லிக் கொடுத்தாள். பீடிக் கடைக்கு நடக்க வேண்டிய சங்கடமும் அன்னத்தாய்க்கு வரவில்லை. இரண்டு பேர் சுற்றினதையும் பாத்திமா தன் பெயரிலேயே கொண்டுபோய்ப் போட்டாள். லாட்ஜ் வேலை கிடைத்த பிறகும் பீடி நிற்கவில்லை. மகளின் படிப்பு, மகளின் கல்யாணம் என்று அது பாட்டுக்குத் தொடர்ந்தது. இருபது வருஷமாக முன்கதவைச் சாத்திவிட்டுத்தான் சொளவு மடியில் ஏறும். மகள் சித்ரலேகாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "பொண்ணோட அம்மா?" என்று கேட்டார்கள். "சும்மா வீட்டுலதான் இருக்கா" என்றார் பிள்ளை. ரேஷன் அட்டையிலும் அப்படித்தான், பள்ளிக்கூட விண்ணப்பத்திலும் அப்படித்தான். பழகிப் பழகி அன்னத்தாய்க்கே அந்த வாக்கியம் பெயரைப்போல ஆகிவிட்டது.

டாக்டரும் கேட்டார். "என்ன வேலை பார்க்கிறே?" என்று சீட்டில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"சும்மா வீட்டுலதான் இருக்கேன் டாக்டர்" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார்.

*

"கழுத்தையா?" என்றாள் மைதீன் பாத்திமா. கையிலிருந்த கத்திரியைச் சொளவில் வைத்துவிட்டாள். "வலிக்கது கையில. அறுக்கது கழுத்துலயா? என்னளா சொல்லுத?"

"நரம்பு அங்கன இருந்துதான் வருதாம் பாத்திமாக்கா. படத்துல நல்லாத் தெரியுதுன்னு சொன்னாரு."

"தெரியட்டும். இன்னொரு டாக்டர்ட்டயும் காட்டுவோம்."

அன்னத்தாய் பதறிப்போனாள். பீடிக்குள் விரலையே வைத்துச் சுற்றிவிடுவாள் போல இருந்தது. "நீங்க பேசுத பேச்சா இது? அவருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு? இந்த வீட்டு ஆம்பளை கால வச்சு நடக்காருன்னா அவராலதான? அவரு சொல்லுல நம்பிக்கை இல்லாம வேற ஆளுகிட்டப் போயி நின்னா, நன்றி கெட்டவன்னுதான நினைப்பாரு!"

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்க எத்தனை சாதகம் பாத்த?"

"பதினொண்ணு."

"அந்தப் பத்து வீட்டுக்காரவளும் ஒன்ன நன்றி கெட்டவன்னா சொன்னாவ? கோட்டிக்காரி மாதிரி பேசாத." பாத்திமா குரலைத் தாழ்த்தினாள். "என் தங்கச்சிய மறந்துட்டியா? வயித்துவலின்னு போனா. ஒரு டாக்டர், ஒரு நாளு, கர்ப்பப்பைய எடுத்துட்டாவ. எடுத்த பொறவும் வலி போவல. மறுபடி பாத்தா பித்தப்பையில கல்லு. எடுத்தத திருப்பி வைக்க முடியுமா? அவ நசீபு, தலையெழுத்துன்னு விட்டுட்டோம். ஒன்னயும் அப்படி விட என்னால முடியாதுளா."

பயம் அன்னத்தாய்க்கும் இருந்தது. கழுத்தில் கத்தி வைத்து ஏதாவது பிசகி இரண்டு கையும் போய்விட்டால்? அவள் கை இல்லாமல் அந்த வீட்டில் என்ன நடக்கும்? ஆனால் இன்னொரு டாக்டரிடம் போகிறேன் என்று நினைத்தாலே சுந்தர்ராமன் டாக்டர் கீழே குந்தி உட்கார்ந்து, புருஷன் காலில் சீழ்த் துணியை எடுக்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மூக்கைக்கூடச் சுளிக்காத மனுஷர். அவரை விட்டுவிட்டா?

பிள்ளையிடம் மெல்லப் பேச்செடுத்தாள். அவர் தன் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சுந்தர்ராமன் டாக்டரு சொல்லிட்டாருன்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. பேசாம இரி."

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தாள். மூன்றாம் நாள் தோசை திருப்பும்போது கரண்டி நழுவிக் காலில் விழுந்தது. குனிந்து எடுத்தவள், "பாத்திமாக்கா, நாளைக்கிப் போவோம்" என்று பின்வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

*

படம் டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தது. அதை வாங்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார்களே என்று பஸ்ஸில் போகும்போதே ஒரு பொய் தயார் செய்தாள். மகள் பார்க்க வேண்டும் என்கிறாள். மருமகனுக்குத் தெரிந்தவர் ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவருக்கும் படம் பார்க்கத் தெரியும். நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நர்ஸ் டார்லின் அலமாரியைத் திறந்து படத்தை எடுத்து நீட்டினாள்.

"எதுக்குன்னா, என் மகளுக்கு..." என்று அன்னத்தாய் ஆரம்பித்தாள்.

"உங்க படம்தானக்கா, கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு டார்லின் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவ்வளவு பாடுபட்டு ஜோடித்த பொய் அப்படியே மிஞ்சிப் போயிற்று. அன்னத்தாய்க்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

வீட்டில் அந்தப் படம் இன்னொரு தொல்லை கொடுத்தது. எம்.ஆர்.ஐ. உறை எந்தப் பையிலும் அடங்காது. கட்டைப்பையில் வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மறுநாள் காலை அதைப் பழைய வேட்டியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சித்ராவைப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினாள்.

பிள்ளை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "மக வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போற?"

"வேட்டி."

"வேட்டி வளையாம நிக்குதே!"

அன்னத்தாய் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் அந்த மூட்டையையே பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். "போயிட்டு வா" என்றார். "இந்தக் காலுக்கு அவரக் கும்பிடணும், நான் கும்பிடுதேன். அதுக்காவ நீ ஒன் கழுத்தக் கொடுக்கணும்னு இல்ல. பைய போ, பஸ்ஸுல இடம் பாத்து உக்காரு." கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் சொன்ன நல்ல வார்த்தைகளை அன்னத்தாய் விரல் விட்டு எண்ணிவிடுவாள். மரத்துப்போன விரல்களை விட்டுவிட்டே எண்ணலாம். அவற்றில் இதையும் சேர்த்துக்கொண்டாள்.

*

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் நரம்புப் பிரிவு வாசலில் இரண்டு பேரும் காலை எட்டு மணிக்குச் சீட்டுப் போட்டு உட்கார்ந்தார்கள். பாத்திமா அக்கம்பக்கத்தில் இருந்த ஏழு பேரின் வியாதியையும் விசாரித்து முடித்தபோது பதினொரு மணி. உள்ளே டாக்டர் ஹம்ஸினி. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அன்னத்தாய் மனசுக்குள், இந்தச் சின்னப் பெண்ணா சுந்தர்ராமன் டாக்டருக்கு மேல் சொல்லப் போகிறது என்று நினைத்தாள்.

வேட்டியை அவிழ்த்து உறையை நீட்டினாள். டாக்டர் அதை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டார்.

"அதை அப்புறம் பார்க்கிறேன்மா. முதல்ல உங்களைப் பார்க்கணும். எந்தெந்த விரல் மரத்துப்போகுது?"

காட்டினாள்.

"சுண்டுவிரல்?"

அன்னத்தாய் சுண்டுவிரலை அப்போதுதான் முதல் தடவையாகக் கவனிப்பதுபோலப் பார்த்தாள். "அது நல்லாத்தான் இருக்கு."

"தூக்கத்துல மரத்துப்போய் முழிச்சா என்ன செய்வீங்க?"

"இப்படிச் செய்வேன்" என்று ஈரக்கையை உதறுவதுபோல இரண்டு தடவை உதறிக் காட்டினாள். டாக்டர் அதை ரொம்பக் கவனமாகப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைத் திருப்பி, உள்பக்கம் ஓர் இடத்தில் விரலால் தட்டினார். பெருவிரலிலிருந்து நடுவிரல் வரைக்கும் சுரீர் என்று ஓடியது. "ஆத்தாடி!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"சும்மா வீட்டுலதான் இருக்கேன்."

டாக்டர் எழுதவில்லை. அவள் கையை மறுபடி பிடித்து வெளிச்சத்தில் விரித்தார். பெருவிரல் அடியில், கத்திரியின் இரும்பு வளையம் இருபது வருஷமாக அழுத்தி அழுத்தி, புளியங்கொட்டை அளவுக்குத் தோல் காய்த்திருந்தது. ஆள்காட்டி விரல் பக்கத்திலும் ஒன்று. "இது எப்படி வந்தது?" என்று கேட்டார்.

அன்னத்தாய் கையை மூடிக்கொள்ளப் பார்த்தாள். "அது வந்து... தேங்கா துருவுதது..."

பாத்திமாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் வலது கையை அன்னத்தாய் கைக்குப் பக்கத்தில், மேஜையில் மலர்த்தி வைத்தாள். அதே இடத்தில் அதே காய்ப்பு. ஆள்காட்டி விரல் பக்கத்திலும் அப்படியே.

"பீடி சுத்துத கை டாக்டரம்மா ரெண்டும். இருவது வருசமா நானும் இவளும் எதிரும் புதிருமா உக்காந்து சுத்துதோம். காலைல ஆறு மணிக்குக் கத்திரிய எடுத்தா, இலை வெட்டி முடிக்க மதியம் ஆவும். இவ சும்மா இருந்த நாளு ஒண்ணு கிடையாது. சும்மா இருக்கேன்னு சொல்லதுதான் இவளுக்கு வேலை."

அன்னத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் பிள்ளைமார் தெருவே கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதுபோல அவளுக்கு முகம் எரிந்தது.

டாக்டர் ஹம்ஸினி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "தினம் ஆறு மணி நேரம் கத்திரி பிடிக்கிற கை" என்று சொல்லிவிட்டு அதைச் சீட்டில் எழுதினார். பிறகுதான் உறையைத் திறந்து படத்தைப் பார்த்தார். பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே கையில் பட்டை கட்டி, லேசாக மின்சாரம் விட்டு, நரம்பு எவ்வளவு வேகமாகச் சேதி கொண்டுபோகிறது என்று ஒரு மெஷினில் அளந்தார்கள். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டார். "அம்மா, உங்க நரம்பு நசுங்கறது மணிக்கட்டுல. கழுத்துல இல்ல. படத்துல தெரியற ஜவ்வு பொய் கிடையாது. ஆனா உங்க வயசுல பாதிப் பேருக்குப் படம் எடுத்தா அப்படித்தான் இருக்கும். அது இப்ப உங்களை ஒண்ணும் செய்யலை. தூங்கறப்ப கையில ஒரு பட்டை போட்டுக்கோங்க. ரெண்டு மாசம் கத்திரியைத் தொடக் கூடாது. ஒரு ஊசி போடறேன். அதுக்கும் கேக்கலைன்னா மணிக்கட்டுல சின்னதா ஒரு ஆபரேஷன், அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

"அப்ப கழுத்து?" என்றாள் அன்னத்தாய்.

"கழுத்து இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

அன்னத்தாய் அங்கேயே அழுதுவிட்டாள். அந்தச் சின்னப் பெண்ணின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாத்திமா மேலே பார்த்து ஒரு துஆ ஓதிவிட்டு, கையோடு கையாக, ஏழு பேரில் யாருக்கெல்லாம் இந்த டாக்டரம்மாவைச் சிபாரிசு செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "இதை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. மறைக்காதீங்க. அவருக்கும் தெரியணும்."

*

இதுதான் அன்னத்தாய்க்கு ஆபரேஷனைவிடப் பெரிய ஆபரேஷனாக இருந்தது. "வியாழக்கிழமை போகாம இருந்துட்டா தானா தெரிஞ்சுக்கிடுவாரு, சவத்த விடு" என்றாள் பாத்திமா. அன்னத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து அம்பாசமுத்திரத்துக்குப் போனாள். பிள்ளையும் விந்திக்கொண்டே கூட வந்தார். டாக்டர் அறைக்குள் அவள் மட்டும் போனாள். பிள்ளை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். சுந்தர்ராமன் டாக்டர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்தார். மெஷின் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி படித்தார். இந்த மனுஷரை இப்படி உட்காரவைத்துவிட்டோமே என்று இருந்தது அன்னத்தாய்க்கு.

"கையைக் கொடு" என்றார்.

கொடுத்தாள். மணிக்கட்டில் அதே இடத்தில் தட்டினார். சுரீர் என்றது, அவள் துள்ளினாள். அவர் கையை விடாமல் திருப்பி, பெருவிரல் அடியில் இருந்த காய்ப்பைத் தன் விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா எங்காத்துக்கு ஊறுகாய் கொண்டு வர கை. பீடி சுத்தற கைன்னு எனக்கு ஏன் சொல்லலே?"

"வெக்கமா இருந்துது டாக்டர். நீங்க கேக்கத்தான் செஞ்சீங்க, நான்தான் சும்மா இருக்கேன்னு சொல்லிட்டேன். தப்பு எம்மேலதான்."

"பாதி உன்மேல. நீ சொன்னே, நான் எழுதிண்டேன். அன்னிக்கே இந்தக் கையைப் பிடிச்சுப் பார்த்திருந்தா நீ சொல்லவே வேண்டாம், இதுவே சொல்லியிருக்கும். நான் படத்தைத்தான் பார்த்தேன்." அவர் கையை விட்டார். "கூட்டம் இருந்ததுன்னு சாக்குச் சொல்லலாம். சொல்லப்படாது."

அன்னத்தாய்க்குத் தாங்கவில்லை. "நீங்க அப்படியெல்லாம் பேசாதீங்க டாக்டர். ஒங்க சொல்ல மீறி வேற எடத்துக்குப் போயிட்டேன். ஒங்களாலதான் எங்க வீட்டுல விளக்கு எரியுது. நான் நன்றி கெட்டவளாயிட்டேன்" என்று விம்மினாள்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உட்காரு. உன்னை ஒண்ணு கேக்கறேன். பிள்ளையைத் திருநெல்வேலில எத்தனை நாள் வெச்சிருந்தே?"

"பத்து நாளு."

"அங்க இருந்த டாக்டர் என்ன சொன்னார்?"

"கால எடுக்கணும்னாரு. கையெழுத்துப் போடச் சொன்னாரு."

"போட்டியா?"

"இல்ல டாக்டர். வேன் பிடிச்சு ஏத்திக்கிட்டு ஒங்ககிட்ட வந்துட்டேன்."

"அவருக்கு நீ நன்றி கெட்டவளா ஆயிட்டியா? அவரும் பத்து நாள் வைத்தியம் பார்த்தார். ராத்திரி முழிச்சிருந்து காய்ச்சலை இறக்கினார். நல்ல டாக்டர்தான், எனக்குத் தெரியும்." அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "அன்னிக்கு நீ அவர் சொன்னதுக்கு மேல இன்னொருத்தர் கிட்ட கேக்கணும்னு வேன் ஏறினதாலதான் அந்தக் கால் இன்னிக்கு வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்திருக்கு. உன் வீட்டுல நான்தாம்மா ரெண்டாவது டாக்டர்."

இருபத்தொரு வருஷம் ஊறுகாய் போட்டும் இது அன்னத்தாய்க்குத் தோன்றியதில்லை. மஞ்சள் வேனின் பின்சீட்டில் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே ஆற்றுப்பாலத்தைத் தாண்டினது அவளேதான். அன்றைக்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யார் மனசு நோகும் என்றும் யோசிக்கவில்லை.

டாக்டர் மதுரைக்குப் போன் போட்டு, "நாளைக்கு அந்தக் கழுத்து கேஸ் வேண்டாம். நோயாளி நம்மளைவிட நல்லா யோசிச்சுட்டா" என்று சொன்னார். பிறகு அவளுடைய பழைய சீட்டை எடுத்து, வேலை என்ற இடத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "என்ன எழுதட்டும்?"

"பீடி சுத்துதேன் டாக்டர்" என்றாள். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே டார்லினுக்கும் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். பிள்ளைக்கும் கேட்டது. அவர் தலையைக் குனியவில்லை.

*

இரண்டு மாதம் கத்திரியைத் தொடக் கூடாதல்லவா? லாட்ஜுக்குப் போகிற நேரம் போக மற்ற நேரத்தில் பிள்ளைதான் இலை வெட்டுகிறார். வலது கால் மடங்காது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, சொளவைத் தொடையில் வைத்துக்கொண்டு வெட்டுகிறார். உள்ளே இருட்டில் கண் தெரியவில்லை என்று சொல்லி முன்கதவை அவரே திறந்து போட்டுவிட்டார். முதல் வாரம் அவர் வெட்டின இலையில் சுற்றின பீடியில் பாதியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். பாத்திமா அதை அவர் மடியிலேயே கொட்டி, "ஜவுளிக் கடையிலயும் இப்படித்தான் கிழிச்சியளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தபோதும் கதவு திறந்துதான் இருந்தது. சம்பந்தியம்மாள் சொளவைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், காப்பியைக் குடித்தாள். போகும்போது, தனக்கும் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள், அந்த ஹைகிரவுண்டு டாக்டரம்மா முழங்கால் பார்ப்பார்களா என்று அன்னத்தாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

கையில் மரமரப்பு முக்கால்வாசி குறைந்துவிட்டது. இது ஊறுகாய் மாதம். பிள்ளை நார்த்தங்காயை நறுக்க, அன்னத்தாய் இடது கையால் உப்புப் போட்டுக் கிளறினாள். சுந்தர்ராமன் டாக்டருக்கு ஒரு பாட்டில், டாக்டர் ஹம்ஸினிக்கு ஒரு பாட்டில் என்று எடுத்து வைத்தாள். பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாத்திமா, "டாக்டருவளுக்குத்தான் ஊறுகாயா? எங்களுக்கெல்லாம் கிடையாதோ?" என்றாள்.

அன்னத்தாய் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். அங்கே ஏற்கெனவே மூன்றாவது பாட்டில் நிரம்பி, துணி கட்டி இருந்தது. மூன்றிலும் அதுதான் பெரியது.